அலாஸ்கா – 2: அடுத்தடுத்து வந்த இரண்டு வெள்ளிக்கிழமைகள்

1867-ஆம் ஆண்டு அக்டோபரில் சிட்கா நகரத்து மக்கள் ஒரு வெள்ளிக்கிழமை இரவு படுத்து, விடிந்து எழுந்தபோது மறுபடியும் வெள்ளிக்கிழமையாகவே இருந்தது. தேதி மட்டும் 6-லிருந்து நேராக 18-க்குப் போய்விட்டது. இடையிலிருந்த 11 தேதிகள் அந்த ஊரின் வரலாற்றில் கிடையவே கிடையாது. அன்றைய தினம் அலாஸ்கா ரஷ்யாவின் கையிலிருந்து அமெரிக்காவின் கைக்கு மாறியது.

இந்தக் கணக்கை நிதானமாகப் பார்த்தால்தான் அதன் அழகு புரியும். ரஷ்யா அப்போதும் பழைய ஜூலியன் நாட்காட்டியைத்தான் பின்பற்றியது. அது அமெரிக்கர்களின் கிரிகோரியன் நாட்காட்டியைவிட 12 நாள் பின்தங்கி இருந்தது. அப்படியானால் 12 தேதிகள் அல்லவா தாண்டியிருக்க வேண்டும்? இங்கேதான் இன்னொன்று குறுக்கே வருகிறது. ரஷ்யர்கள் சைபீரியாவைக் கடந்து, கடலையும் கடந்து, கிழக்கு நோக்கி வந்தவர்கள். வரும்போது மாஸ்கோவின் கிழமையையும் சுமந்துகொண்டே வந்தார்கள். அமெரிக்கர்களோ ஐரோப்பாவிலிருந்து மேற்கு நோக்கி வந்தவர்களின் வழிவந்தவர்கள். உலகத்தை ஆளுக்கொரு பக்கமாகச் சுற்றி வந்தவர்கள் சந்திக்கும் இடத்தில் ஒரு நாள் இடித்துத்தானே ஆகும்? சிட்காவில் சனிக்கிழமை என்றால் சான் ஃபிரான்சிஸ்கோவில் வெள்ளிக்கிழமை. ஆகவே, அக்டோபர் 7, சனிக்கிழமை என்று விடிய வேண்டிய பொழுது, 12 நாளைக் கூட்டி ஒரு நாளைக் கழித்து, அக்டோபர் 18, வெள்ளிக்கிழமையாக விடிந்தது.

சென்ற வாரம் பெரிங்கின் 1741-ஆம் ஆண்டுக் கடற்பயணத்தையும், கடல் நீர்நாயின் தோலுக்காக ரஷ்ய வேட்டைக்காரர்கள் அலூசியன் தீவுகளில் நடத்திய கொடுமைகளையும், ரஷ்யக் குடியேற்றத்தின் தலைவர் பரானோவ் சிட்காவில் கோட்டை எழுப்பியதையும் பார்த்தோம். இந்த வாரம், அந்த நிலம் எப்படி விற்கப்பட்டது, விற்ற பிறகு அங்கிருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று பார்க்கலாம். அலாஸ்காவைப் பற்றிய வியப்பான செய்திகளைத் தேடிப் போகிற எவரும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. அந்த மண்ணின் கிழமை, கொடி, மலையின் பெயர், எல்லைக்கோடு என எல்லாவற்றையும் முடிவு செய்தவர்களில் பெரும்பாலோர் அதைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள்.

ரஷ்யா ஏன் விற்றது? முதல் காரணம், கடல் நீர்நாய் ஏறத்தாழத் தீர்ந்துபோயிருந்தது. தோல் இல்லையென்றால் அந்தக் குடியேற்றத்துக்கு வருமானம் இல்லை. அதை நடத்திவந்த ரஷ்ய-அமெரிக்கக் கம்பெனி 1850-களில் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்துக் கப்பலேற்றி, தங்க வேட்டையால் பெருத்திருந்த சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு விற்றுப் பிழைக்கும் நிலைக்கு வந்திருந்தது. இரண்டாவது, ஆள் இல்லை. இந்தியாவின் பரப்பில் பாதிக்கும் மேலான அந்த நிலத்தில் ரஷ்யர்களின் எண்ணிக்கை ஒருபோதும் ஆயிரத்தைத் தொட்டதில்லை. மூன்றாவது, பயம். கிரிமியப் போரில் பிரிட்டனிடமும் பிரான்சிடமும் தோற்ற ரஷ்யாவுக்கு, மறுபடி போர் மூண்டால் பிரிட்டிஷ் கடற்படை அலாஸ்காவைச் சும்மாவே எடுத்துக்கொள்ளும் என்பது தெரிந்திருந்தது. எதிரி பிடுங்கிக்கொள்ளும் முன் நண்பனுக்கு விற்பது மேல் என்று இரண்டாம் அலெக்சாண்டர் மன்னரின் அவை முடிவுக்கு வந்தது.

அமெரிக்காவுக்கும் அந்தக் கடல் புதிதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின் கடைசிக் குண்டுகள் வெடித்தது அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலில்தான். தென்மாநிலங்களின் தளபதி லீ 1865 ஏப்ரலில் சரணடைந்துவிட்டார். ஆனால் அந்தத் தரப்பின் போர்க்கப்பலான ஷெனான்டோவா அப்போது வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதே ஆண்டு ஜூன் இறுதியில், ஒரே வாரத்தில், வடமாநிலங்களின் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் இருபதுக்கும் மேற்பட்டவற்றைப் பிடித்து, பெரும்பாலானவற்றைத் தீக்கிரையாக்கியது. போர் முடிந்துவிட்டது என்ற உறுதியான செய்தி அந்தக் கப்பலின் தலைவருக்கு ஆகஸ்டில்தான் கிடைத்தது. அவர் உலகத்தைப் பாதி சுற்றி, நவம்பரில் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தில் போய்ச் சரணடைந்தார்.

அதே காலத்தில் இன்னொரு முயற்சியும் நடந்தது. அட்லாண்டிக் கடலடியில் தந்திக் கம்பி போடும் முயற்சிகள் தோற்றுக்கொண்டே இருந்ததால், வெஸ்டர்ன் யூனியன் நிறுவனம் அலாஸ்கா, சைபீரியா வழியாக ஐரோப்பாவுக்குக் கம்பி இழுக்கத் தொடங்கியது. 1866-இல் அட்லாண்டிக் கம்பி வெற்றி பெற்றதும் இந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அதற்காகப் போன ராபர்ட் கென்னிகாட், வில்லியம் டால் போன்ற இயற்கை ஆய்வாளர்கள் திரட்டிய விவரங்கள் வாஷிங்டன் வந்து சேர்ந்தன. அலாஸ்காவில் என்ன இருக்கிறது என்று செனட்டில் எடுத்துச் சொல்ல அவைதான் பின்னால் பயன்பட்டன.

இனி, விற்பனை முடிவான அந்த இரவு. 1867 மார்ச் 29. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் வில்லியம் சூவர்ட் வீட்டில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். ரஷ்யத் தூதர் எடுவார்ட் ஸ்டோக்கிள் வந்து, மன்னரின் சம்மதம் தந்தியில் வந்துவிட்டது, நாளை கையெழுத்திடலாம் என்றார். நாளை வரை எதற்காகக் காத்திருக்க வேண்டும், இன்றிரவே முடிப்போம் என்றார் சூவர்ட். எழுத்தர்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, அலுவலகத்தைத் திறந்து விளக்கேற்றி, 30-ஆம் தேதி விடியற்காலை 4 மணிக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஸ்டோக்கிளுக்கு மேலிடம் சொல்லியிருந்த குறைந்தபட்ச விலை 50 லட்சம் டாலர். சூவர்டின் அவசரத்தால் அது 70 லட்சமாகி, கம்பெனியின் பாத்தியதைகளைத் தீர்க்க இன்னும் 2 லட்சம் சேர்ந்து, 72 லட்சத்தில் நின்றது. ஏக்கருக்கு சுமார் 2 சென்ட்.

இந்த வாங்கலைப் பார்த்து நாடே சிரித்தது, ‘சூவர்டின் முட்டாள்தனம்’ என்று ஏசியது என்று பள்ளிப் பாடங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். அன்றைய செய்தித்தாள்களைப் புரட்டிய ஆய்வாளர்கள் காட்டும் சித்திரம் வேறு. கேலி செய்த ஏடுகள் உண்டு. ஆனால் ஆதரித்தவையே மிகுதி. செனட்டில் 37 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்தவர்கள் இரண்டே பேர். இழுபறி நடந்ததெல்லாம் பிரதிநிதிகள் சபையில், பணத்தை ஒதுக்கும்போதுதான். ஜான்சன் அதிபரைப் பதவிநீக்கும் விசாரணை குறுக்கிட்டதால் அது 1868 ஜூலை வரை நீண்டது. 72 லட்சம் டாலருக்கான காசோலையின் தேதி 1868 ஆகஸ்ட் 1. அதாவது, சிட்காவில் கொடி மாறி ஒன்பது மாதங்களுக்குப் பிறகுதான் விற்றவருக்குக் காசு கிடைத்தது.

எனக்கு இந்த ஒப்பந்தத்தில் விலையைவிட முக்கியமாகப் படுவது அதன் மூன்றாம் பிரிவு. அங்கே வசிப்பவர்கள் மூன்றாண்டுக்குள் ரஷ்யாவுக்குத் திரும்பிப் போகலாம். போகாமல் தங்கினால் அமெரிக்கக் குடிமக்களின் எல்லா உரிமைகளும் உண்டு என்கிறது அது. உடனே ஒரு விலக்கும் வைக்கிறது: நாகரிகமடையாத பூர்வகுடிகளுக்கு இது பொருந்தாது. அலாஸ்காவின் மக்கள் தொகையில் மிகப் பெரும்பகுதி அந்தப் ‘பூர்வகுடிகள்’தான். நிலத்தோடு சேர்த்து அவர்களும் கைமாறினார்கள். ஆனால் குடிமக்களாக இல்லை. தென்கிழக்கே வாழ்ந்த ட்லிங்கிட் மக்கள் இதைக் கேள்விப்பட்டு வாதாடினார்கள். ரஷ்யர்களுக்குக் கோட்டை கட்டிக்கொள்ள இடம் விட்டோமே தவிர நாட்டைக் கொடுக்கவில்லை. தன்னுடையது அல்லாததை ரஷ்யா எப்படி விற்க முடியும் என்பது அவர்கள் வாதம். அதற்கு அன்று யாரும் பதில் சொல்லவில்லை.

கொடி மாற்றும் விழா நடந்த குன்றே அவர்கள் வாதத்துக்குச் சாட்சி. 1804-இல் ரஷ்யக் கடற்படைக் கப்பலான நேவாவின் பீரங்கிகளோடு பரானோவ் வந்து கைப்பற்றும் வரை, அங்கே ட்லிங்கிட் மக்களின் கிக்சாதி குலத்தாருடைய வீடுகள் இருந்தன. அந்தக் குன்றின் மேல்தான் அக்டோபர் 18 பிற்பகல் இரு நாட்டுப் படைவீரர்களும் அணிவகுத்து நின்றார்கள். துப்பாக்கிகள் முழங்க, ரஷ்யக் கொடியை இறக்கத் தொடங்கினார்கள். கொடி இறங்க மறுத்துவிட்டது! காற்றில் கம்பத்தோடு சுற்றிக்கொண்டது. இழுத்தார்கள், கிழிந்தது. மேலே ஏறப் பார்த்தவர்கள் வழுக்கினார்கள். கடைசியில் ஒரு வீரரைக் கயிற்றுப் பலகையில் உட்காரவைத்து மேலே தூக்கி அவிழ்க்கச் சொன்னார்கள். அவிழ்ந்த கொடி கீழே நின்றிருந்த ரஷ்ய வீரர்களின் துப்பாக்கிக் கத்திகள் மீது வந்து விழுந்தது. கடைசி ரஷ்ய ஆளுநர் மக்சூதவின் மனைவி அதைப் பார்த்து மயங்கி விழுந்ததாகச் சொல்வார்கள்.

அதன் பிறகு 17 ஆண்டுகள் அலாஸ்காவுக்கு அரசாங்கம் என்று ஒன்று இல்லை. நான் மிகைப்படுத்தவில்லை. 1884 வரை அங்கே ஆளுநர் கிடையாது, முறையான நீதிமன்றம் கிடையாது, நிலத்தைச் சட்டப்படி வாங்கிப் பதிவுசெய்ய வழி கிடையாது. முதலில் ராணுவம் பார்த்துக்கொண்டது. 1877-இல் அது கிளம்பிப் போனதும் சுங்க அதிகாரிகள், பிறகு கடற்படை. ராணுவம் போன பிறகு பயந்துபோன சிட்காவின் வெள்ளையர்கள் தங்கள் அரசிடம் கேட்டுக் கேட்டு அலுத்து, கடைசியில் கனடாப் பக்கமிருந்த பிரிட்டிஷ் கடற்படைக்கு எழுதினார்கள். 1879-இல் ஆஸ்பிரே என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்து சிட்கா துறைமுகத்தில் காவல் நின்றது. பிரிட்டன் பிடித்துக்கொள்ளும் என்று பயந்து ரஷ்யா விற்ற நிலத்தை, 12 ஆண்டுக்குள் பிரிட்டன் வந்து காப்பாற்றியது.

சட்டம் இல்லாத இடத்தில் பீரங்கிதான் பேசும். 1869-இல் கேக், ரேங்கல் என்ற ஊர்கள் சுடப்பட்டன. 1882 அக்டோபர் 26 அன்று அங்கூன். இந்த ஊரின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அங்கூன் ட்லிங்கிட் மக்களின் ஊர். பக்கத்துத் தீவான கில்லிஸ்னூவில் ஒரு வணிகக் கம்பெனியின் திமிங்கில நிலையம் இருந்தது. ஊர்க்காரர்கள் பலர் அங்கே வேலை பார்த்தார்கள். கம்பெனியின் படகில் ஈட்டித் துப்பாக்கி வெடித்து டில்ட்லெய்ன் என்ற பெரிய மனிதர் இறந்துபோனார். அவர் மருத்துவமும் மந்திரமும் அறிந்தவர், ஊரின் மதிப்புக்குரியவர். அவர்கள் வழக்கப்படி, சாவுக்குக் காரணமான தரப்பு இழப்பீடு தர வேண்டும். துக்கம் முடியும் வரை வேலையும் நிற்கும். 200 கம்பளிகள் கேட்டார்கள். கம்பெனிக்காரர்கள் இதைக் கலகம் என்று கடற்படைக்குச் சொல்லி அனுப்பினார்கள். வந்த கடற்படைத் தளபதி, கொடுப்பதற்குப் பதிலாக, ஊரார்தான் 400 கம்பளிகள் தண்டம் கட்ட வேண்டும் என்றார். அவர்களால் கட்ட முடியவில்லை. கடற்படையினர் முதலில் படகுகளை உடைத்தார்கள். பிறகு ஊரின் மீது குண்டு வீசினார்கள். பிறகு கரையிறங்கி, வீடுகளையும் குளிர்காலத்துக்குச் சேமித்திருந்த உணவையும் கொளுத்தினார்கள். ஆறு குழந்தைகள் புகையில் மூச்சுமுட்டிச் செத்தன. அக்டோபர் கடைசியில், அலாஸ்காவில், உணவும் கூரையும் மீன்பிடிக்கப் படகும் இல்லாமல் ஒரு ஊரை விட்டுவிட்டுப் போவதற்கு என்ன பொருள் என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் குளிர்காலத்தில் செத்தவர்கள் இன்னும் பலர்.

ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் அங்கூன் மக்கள் கூடி, மன்னிப்புக் கேட்க யாராவது வந்திருக்கிறார்களா என்று உரக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1973-இல் அரசு 90,000 டாலர் கொடுத்தது, மன்னிப்புக் கேட்கவில்லை. 2024 அக்டோபர் 26 அன்றுதான், சரியாக 142 ஆண்டுகள் கழித்து, அமெரிக்கக் கடற்படையின் அதிகாரி ஒருவர் அங்கூனுக்கே வந்து மன்னிப்புக் கேட்டார்.

தங்கம் கிடைத்த கதை எல்லாருக்கும் தெரிந்தது, சுருக்கமாகவே சொல்கிறேன். 1880-இல் ஜோ ஜூனோ, ரிச்சர்ட் ஹாரிஸ் என்ற இருவர் தங்கம் கண்டுபிடித்தார்கள். ஊருக்கு ஜூனோ என்று பெயர் வந்தது. உண்மையில் தங்கம் இருந்த ஓடைக்கு அவர்களை அழைத்துக்கொண்டு போனவர் கோவி என்ற ட்லிங்கிட் தலைவர். அந்த ஜூனோதான் இன்று தலைநகரம். மலையும் பனியாறும் சூழ்ந்திருப்பதால் வெளியிலிருந்து அந்த ஊருக்குச் சாலை இல்லை. கப்பலில் வர வேண்டும், அல்லது விமானத்தில். 1898-இல் நோம் ஊரில் தங்கம் கண்ட ‘அதிர்ஷ்டக்கார ஸ்வீடன்காரர்கள் மூவர்’ என்று பேர்பெற்றவர்களில் ஒருவர் நார்வேக்காரர். அடுத்த ஆண்டு நோம் கடற்கரை மணலிலேயே தங்கம் கிடைத்தது. சல்லடையும் மண்வாரியும் கையில் இருந்தால் போதும் என்று ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்தார்கள்.

வட அமெரிக்காவின் மிக உயர்ந்த மலை அலாஸ்காவில் இருக்கிறது, 6,190 மீட்டர். அதன் அடிவாரத்து அதபாஸ்கன் மக்கள் அதை தெனாலி என்று அழைத்துவந்தார்கள். 1896-இல் தங்கம் தேடி வந்த ஒருவர், தனக்குப் பிடித்த அதிபர் வேட்பாளரின் பெயரான மெக்கின்லியைச் சூட்டினார். 1917-இல் அது அரசாங்கப் பெயரானது. மெக்கின்லி அலாஸ்காவில் கால் வைத்ததே இல்லை. 2015-இல் தெனாலி என்று மாற்றினார்கள். 2025-இல் மறுபடி மெக்கின்லி. அலாஸ்கா மாநில அரசு 1975-லிருந்தே தெனாலி என்றுதான் எழுதிவருகிறது. 1913 ஜூன் 7 அன்று அந்தச் சிகரத்தில் முதன்முதலில் கால் வைத்தவர் வால்டர் ஹார்ப்பர். அவருடைய தாய் அதபாஸ்கன் பெண்.

நெனானா என்ற சிற்றூரில் ஒரு விளையாட்டு நடக்கிறது. மலைக்கு அரசாங்கப் பெயர் வந்த அதே 1917-இல் அங்கே ரயில் பாதை வேலையில் இருந்த பொறியாளர்கள், டனானா ஆற்றின் பனி எந்த நாள், எத்தனை மணி, எத்தனையாவது நிமிடத்தில் உடையும் என்று பந்தயம் கட்டினார்கள். சேர்ந்த தொகை 800 டாலர். ஆற்றுப்பனியின் நடுவே ஒரு மரச் சட்டத்தை நட்டு, அதிலிருந்து கரையில் இருக்கும் கடிகாரத்துக்குக் கம்பி கட்டிவிடுவார்கள். பனி உடைந்து சட்டம் நகர்ந்ததும் கடிகாரம் நின்றுவிடும். இன்றுவரை ஒவ்வோர் ஆண்டும் இது நடக்கிறது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, ஒரே இடத்தில், ஒரே முறையில், நிமிடம் பிசகாமல் பதிவான ஒரு குறிப்பு! பணம் சம்பந்தப்பட்டது என்பதால் யாரும் ஏமாற்றவும் விடமாட்டார்கள். வெப்பநிலை ஏறுவதை ஆராயும் அறிவியலாளர்கள் இந்தப் பந்தயக் குறிப்பை ஆதாரமாக எடுத்துக்கொண்டு ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள்.

குடியுரிமைக்கு வருவோம். ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவு தள்ளிவைத்தவர்களுக்கு 1915-இல் ஒரு வழி திறந்தது. பூர்வகுடி ஒருவர் குடிமகனாக வேண்டுமென்றால், பழைய பழக்கங்களை விட்டுவிட்டதாகக் காட்ட வேண்டும், ஒரு தேர்வில் தேற வேண்டும், வெள்ளையர்கள் ஐந்து பேரிடம் சான்று வாங்க வேண்டும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருந்த மண்ணில், நேற்று வந்த ஐந்து பேரின் கையெழுத்து! 1924-இல் நாடு முழுவதும் பூர்வகுடிகள் அனைவருக்கும் குடியுரிமை வந்தபோதுதான் இது ஒழிந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து அலாஸ்காவுக்குக் கொடி வேண்டுமென்று பள்ளி மாணவர்களிடையே போட்டி வைத்தார்கள். வென்றது பென்னி பென்சன், ஏழாம் வகுப்பு மாணவன். அலூட் பூர்வகுடித் தாய்க்குப் பிறந்து, அனாதை இல்லத்தில் வளர்ந்தவன். அந்த இல்லம் இருந்த ஊரின் பெயர் சூவர்ட், நிலத்தை வாங்கிய அமைச்சரின் பெயரேதான். நீலப் பின்னணியில் சப்தரிஷி மண்டலத்தின் ஏழு நட்சத்திரங்கள், மேலே துருவ நட்சத்திரம். அவ்வளவுதான். நீலம் அலாஸ்காவின் வானத்துக்கும் அங்கே பூக்கும் ஒரு சிறு காட்டுப்பூவுக்கும். துருவ நட்சத்திரம் என்றாவது ஒருநாள் மாநிலமாகப்போகும் நாட்டுக்கு. அமெரிக்க மாநிலக் கொடிகளிலேயே இதைவிட அழகானது இல்லை என்பது என் எண்ணம்.

ஆனால் அதே காலத்தில் உணவகங்களின் வாசலில், பூர்வகுடிகளுக்கு அனுமதி இல்லை என்ற பலகைகள் தொங்கின. திரையரங்குகளில் தனி இருக்கைகள். 1941-இல் ஜூனோ அருகே அப்படியொரு பலகையைப் பார்த்த எலிசபெத் பெரட்ரோவிச் என்ற ட்லிங்கிட் பெண்ணும் அவர் கணவர் ராயும் ஆளுநர் கிரீனிங்குக்குக் கடிதம் எழுதினார்கள். பாகுபாட்டைத் தடைசெய்யும் மசோதா 1943-இல் தோற்றது. 1945 பிப்ரவரியில் மறுபடி வந்தது. காட்டுமிராண்டி நிலையிலிருந்து இப்போதுதான் வெளியே வந்தவர்கள், ஐயாயிரம் ஆண்டு நாகரிகம் உள்ள எங்களோடு ஒட்டி உறவாட நினைப்பதா என்று அலாஸ்கா சட்டமன்றத்தின் செனட் உறுப்பினர் ஒருவர் கேட்டார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எலிசபெத் எழுந்து போய், அமெரிக்க அரசமைப்பு தரும் அடிப்படை உரிமைகளை ஐயாயிரம் ஆண்டு நாகரிகம் உள்ளவர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியிருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். 11-க்கு 5 என்று மசோதா நிறைவேறியது. பிப்ரவரி 16-இல் சட்டமானது. மார்ட்டின் லூதர் கிங் காலத்துச் சிவில் உரிமைச் சட்டம் வந்தது 1964-இல். அலாஸ்கா அதைவிட 19 ஆண்டுகள் முந்திக்கொண்டது. இன்று பிப்ரவரி 16 அங்கே எலிசபெத் பெரட்ரோவிச் நாள்.

அந்தச் சட்டம் வந்தபோது உனங்கன் மக்கள், அதாவது ரஷ்யர்கள் அலூட் என்று அழைத்தவர்கள், பலர் தங்கள் தீவுகளில் இல்லை. 1942 ஜூனில் ஜப்பான் டச்சு ஹார்பர் மீது குண்டு வீசி, அட்டு, கிஸ்கா என்ற இரு தீவுகளைப் பிடித்தது. அட்டு கிராமத்தைச் சேர்ந்த சுமார் 40 பேரை ஜப்பானின் ஒட்டாரு நகருக்குக் கொண்டுபோனார்கள். போனவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பசியாலும் காசநோயாலும் இறந்தார்கள். மற்றத் தீவுகளிலிருந்த 881 பேரை அமெரிக்க அரசே, பாதுகாப்பு என்று சொல்லி, சில மணி நேர அவகாசத்தில் கப்பலேற்றியது. தென்கிழக்கு அலாஸ்காவில் கைவிடப்பட்ட மீன் பதனிடும் ஆலைகளிலும் பழைய சுரங்க முகாமிலும் இறக்கிவிட்டது. மரமே இல்லாத தீவுகளில், கடலையும் அடிவானத்தையும் பார்த்து வளர்ந்தவர்கள், இருண்ட காட்டுக்குள் அடைபட்டார்கள். நல்ல குடிநீர் இல்லை, மருத்துவர் இல்லை. பத்தில் ஒருவர் இறந்தார். பிரிபிலாஃப் தீவு ஆண்களை மட்டும் 1943-இல் திரும்பக் கூட்டிப்போனார்கள், அரசுக்கு வருமானம் தரும் கடல்நாய் வேட்டைக்காக.

அட்கா தீவு மக்களை இறக்கிவிட்ட இடம் கில்லிஸ்னூ. ஆம், அங்கூனுக்குப் பக்கத்தில் இருந்த அதே கில்லிஸ்னூ. அங்கூன் மக்கள் அவர்களுக்குக் கம்பளியும் உணவும் கொடுத்து உதவினார்கள். கம்பளிக்காக எரிக்கப்பட்ட ஊர் அது என்று படித்த பிறகு இந்தச் செய்தியைக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

அட்டுவை மீட்க 1943 மே மாதம் நடந்த சண்டையில் அமெரிக்கர்கள் 549 பேர் இறந்தார்கள். ஜப்பானியர்கள் 2,300-க்கும் மேல். கிஸ்காவின் கதை வேறு. ஜூலை 28 அன்று மூடுபனிக்குள் கப்பல்களைக் கொண்டுவந்து, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை ஜப்பான் ஒருவர் விடாமல் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அது தெரியாமல் ஆகஸ்ட் 15 அன்று சுமார் 34,000 அமெரிக்க, கனடா வீரர்கள் அந்தத் தீவில் இறங்கினார்கள். எதிரி இல்லை. பனிமூட்டத்தில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டும், புதைத்துவைத்த கண்ணியில் சிக்கியும் வீரர்கள் மடிந்தார்கள்.

போர் முடிந்து அட்டு மக்களில் பிழைத்தவர்கள் திரும்பியபோது, அவர்களை அட்டுவுக்கு அனுப்ப அரசு மறுத்து, அட்காவில் குடிவைத்தது. அட்டுவில் இன்று யாரும் வசிப்பதில்லை. 1988-இல் காங்கிரஸ் மன்னிப்புக் கேட்டு, முகாம்களில் இருந்து உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 12,000 டாலர் வழங்கச் சட்டம் இயற்றியது.

அந்த அட்டு, 180-ஆம் தீர்க்கரேகைக்கு அப்பால், கிழக்கு அரைக்கோளத்தில் இருக்கிறது. ஆகவே கணக்குப்படி அமெரிக்காவின் வடகோடி, மேற்குக்கோடி மட்டுமல்ல, கிழக்குக்கோடியும் அலாஸ்காதான். அலூசியன் தீவுகள் எல்லாவற்றுக்கும் ஒரே தேதி இருக்க வேண்டும் என்பதற்காகச் சர்வதேசத் தேதிக்கோட்டை அங்கே மேற்கே வளைத்து வரைந்திருக்கிறார்கள். 1983 வரை இந்த ஒரு மாநிலத்துக்கு மட்டும் நான்கு நேர மண்டலங்கள் இருந்தன. பிறகுதான் இரண்டாகக் குறைத்தார்கள்.

அந்தத் தேதிக்கோடு வடக்கே போகும்போது இரண்டு சின்னத் தீவுகளுக்கு நடுவில் புகுந்து போகிறது. பெரிய டயோமீட் ரஷ்யாவுக்கு, சிறிய டயோமீட் அமெரிக்காவுக்கு. இடைவெளி சுமார் 4 கிலோமீட்டர். குளிர்காலத்தில் கடிகார வித்தியாசம் 21 மணி நேரம். சூவர்டும் ஸ்டோக்கிளும் 1867-இல் எல்லை பிரித்தபோது, இரு தீவிலும் இருந்தவர்கள் உறவினர்கள். அதன் பிறகும் எண்பது ஆண்டுகள் பெண் கொடுத்துப் பெண் எடுத்து, பனியில் நடந்தும் படகில் வந்தும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். 1948-இல் சோவியத் அரசு எல்லையை மூடியது. பெரிய டயோமீட் மக்களைச் சைபீரியக் கரைக்கு அனுப்பிவிட்டது. அண்ணன் ஒரு நாட்டில், தங்கை ஒரு நாட்டில். 1987 ஆகஸ்டில் லின் காக்ஸ் என்ற அமெரிக்க நீச்சல் வீராங்கனை, உறைய வைக்கும் அந்தத் தண்ணீரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீந்தி, சிறிய தீவிலிருந்து பெரிய தீவுக்குக் கரையேறினார். அந்த டிசம்பரில் வெள்ளை மாளிகை விருந்தில் கோர்பச்சேவ் அந்த நீச்சலைப் பாராட்டிப் பேசினார். அடுத்த ஆண்டு நோமிலிருந்து சைபீரியாவின் புரோவிதேனியாவுக்கு ஒரு விமானம் பறந்தது. நாற்பது ஆண்டுகளாகப் பார்க்காத உறவுகளைப் பார்க்க, அலாஸ்காவின் யூபிக் மக்களும் அதில் போனார்கள்.

அதற்கெல்லாம் முன்பு, 1958 ஜூலையில், ஹைட்ரஜன் குண்டுக்குப் பேர்போன எட்வர்ட் டெல்லர் ஜூனோவுக்கு வந்து இறங்கி ஒரு திட்டத்தை அறிவித்தார். பாயிண்ட் ஹோப் என்ற இன்யுபியாக் கிராமத்துக்கு அருகே அணுகுண்டுகளை வெடித்து, ஒரே நொடியில் புதிய துறைமுகம் வெட்டித் தருவதுதான் அந்தத் திட்டம். இந்த முறை அந்த ஊர் மக்கள் கூட்டம் போட்டு, வேண்டாம் என்று வாக்களித்தார்கள். பிறகு என்ன நடந்தது என்பதையும், 1959-இல் அலாஸ்கா 49-ஆவது மாநிலமானதையும் அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)